எல்லாம் கறுப்பு ஒயர்

பெற்றோர் வைத்த பெயரை வங்கியில் மட்டும்தான் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்ற எல்லாருக்கும் அவர் நிதானம். டயர் கடைக்கும் பூட்டு ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரு ஷெட். இரண்டு வண்டி உள்ளே நின்றால் மூன்றாவது வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும். அதில் இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளுக்குக் கரண்ட் வேலை பார்த்துவந்தார். ஹாரன் அடிக்காத வண்டி, லைட் எரியாத வண்டி, காலையில் உசுப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு உயிரை விடுகிற வண்டி எல்லாம் அவரிடம் வரும். வந்த வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு டெஸ்ட் லேம்பை எடுப்பார். அது ஒன்றும் பெரிய கருவி இல்லை. ஒரு குட்டி பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் ஊசி. ஒவ்வொரு ஒயராகக் குத்திப் பார்த்து, எது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். வேறு கடையில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே ஒன்றரை மணி நேரம் இழுக்கும். “நீங்க நிதானமா பாருங்க, நான் போய் முடி வெட்டிக்கிட்டு வந்துடறேன்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போன ஒரு லாரி டிரைவரின் புண்ணியத்தில் வந்த பெயர் அது. ஆனாலும் அவர் கை பட்ட வண்டி அதே கோளாறுக்காக மறுபடி வந்ததாக யாரும் சொன்னதில்லை.

மனுஷனுக்குப் பொறுமை அதிகம் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நிஜக் காரணம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரியும். அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிரவுனும் போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். நிறத்தை நம்பி ஒயரைத் தொட முடியாததால் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தே தீர வேண்டியிருந்தது.

மனைவி தையல்காரர். ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. முன்னறை ஜன்னலோரம் அவருடைய மெஷின். கல்யாணமான முதல் வாரத்தில் பச்சை நூல்கண்டைக் கேட்டார், சிவப்பு வந்தது. கேலி செய்கிறார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டார், பிரவுன் வந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“என்னங்க, உங்களுக்குக் கலர் தெரியாதா?”

“தெரியாது.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“இப்ப உனக்கு.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து கடைக்கு வாங்கி வந்த ஒயர் சுருள்களில் நூல் முடிச்சு ஏறியது. சிவப்புக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு, பிரவுனுக்கு மூன்று. யாராவது வண்டி கொண்டுவந்தால் ஜன்னலிலிருந்தே, “அடடா, சிவப்பு வண்டி! பளபளன்னு இருக்கே!” என்று ஒரு குரல் வரும். தையல்காரம்மாவுக்கு வண்டி மேல் அப்படி என்ன ஆசையோ என்று பூட்டுக்கடைக்காரர் பல நாள் யோசித்திருக்கிறார்.

இந்த ரகசியத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. இருபத்திரண்டு வயதில் நிதானம் ரயில்வே சிக்னல் பிரிவு வேலைக்குப் பரீட்சை எழுதினார். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான்கு மாதம், தினமும் காலை ஐந்து மணிக்குத் தம்பியின் போர்வையை உருவி, எதிரே உட்காரவைத்து, வட்டி, விகிதம், வேகம் என்று ஒன்று விடாமல் கரைத்துப் புகட்டினார். பரீட்சை முடிந்தது. அன்றைக்கே மார்க்கைச் சொல்லி, பாஸானவர்களுக்கு அங்கேயே டாக்டர் பரிசோதனை. டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கப் புள்ளிகள்.

“என்ன நம்பர் தெரியுது?”

“நம்பரா? புள்ளிதானே சார் இருக்கு?”

டாக்டர் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். அதற்குப் பிறகு இன்னொன்று. பிறகு பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். இருபத்திரண்டு வருஷமாகத் தன் கண்ணுக்குத் தெரிந்ததுதான் உலகம் என்று நினைத்திருந்தவர், அந்தக் கட்டடத்தின் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே, “கணக்குல கோட்டை விட்டுட்டியாடா?” என்றார். உள்ளே தங்கைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் குறை என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால், அது தம்பியின் கண்ணோடு நிற்காது, குடும்பத்துக்கே கண் கோளாறு என்று ஆகும். நிதானம் தலையை ஆட்டினார்.

தங்கை கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். அதற்குள் அண்ணன் வீடு வீடாகச் சொல்லி முடித்துவிட்டார். “நம்ம தம்பி நல்ல பையன்தான். கணக்குதான் மண்டையில ஏறாது. நானே நாலு மாசம் முட்டிப் பார்த்துட்டேன்.” ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தப் பேச்சு வரும், எல்லாரும் சிரிப்பார்கள், நிதானமும் சிரிப்பார். வருஷங்கள் போகப் போக அண்ணன் வீட்டுக்குப் போவது குறைந்தது. சண்டை என்று எதுவும் இல்லை. போனால் அந்தச் சிரிப்பைச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அண்ணன்தான் ஒரு சனிக்கிழமை காலை, மூச்சிரைக்க ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஷெட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

நிதானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் இந்த ஷெட்டுக்கு வந்ததே மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் பத்திரிகை வைக்க.

“வாங்கண்ணே. என்ன இவ்வளவு தூரம்?”

“மூணு மெக்கானிக் பார்த்துட்டாங்க. மூணாவது ஆளு, நிதானம்னு ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கொண்டு போங்கன்னான். யாருடா அதுன்னு விசாரிச்சா நீ.” சொல்லிவிட்டு அண்ணன் வேறு பக்கம் பார்த்தார்.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணன் பிடித்த வேலை இந்த வண்டி. ஏதோ கிடங்கில் ஷட்டருக்கு முட்டுக்கொடுத்து நின்றிருந்ததை வாங்கி வந்து, இரண்டு வருஷம் ஒவ்வொரு திருகாகக் கழற்றி மாட்டியிருந்தார். அறுபது வயதைத் தாண்டிய வண்டி. தொட்டியிலிருந்து மட்கார்டு வரை புதுப் பெயிண்ட், முகம் பார்க்கலாம் போல மின்னியது.

“பெரிய அத்தான், கரும்பச்சை ரொம்ப எடுப்பா இருக்கு!” என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“பார்த்தியா, தையல்காரிக்குத் தெரியுது” என்றார் அண்ணன், குளிர்ந்துபோய்.

“லைட் எரியலையாண்ணே?”

“எரியாட்டாதான் பரவாயில்லையே! சும்மா நிக்கும்போது மின்மினிப் பூச்சி மாதிரி எரியும். கொஞ்சம் முறுக்கினா பளிச்சுன்னு வந்து பல்பு போயிடும். இதுவரைக்கும் அஞ்சு பல்பு. பிரேக்கை மிதிச்சா முன்னாடி லைட் மங்கி, மீட்டருக்குள்ள இருக்கிற குட்டி பல்பு எரியுது. இடது பக்கம் திருப்பினா எல்லாமே அணைஞ்சிடும்.”

“வலது பக்கம்?”

“வலது பக்கம் திருப்பினா ஒண்ணும் ஆகலை.”

“அப்ப வலது பக்கமாவே சுத்திப் போயிடுங்க சார், வீடு வந்துடும்” என்றார் டயர்கடைக்காரர், ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க நின்றவர்.

நிதானம் ஹெட்லைட்டின் முன்கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே பதினைந்து, பதினாறு ஒயர்கள் சுருண்டு கிடந்தன. அதுவரை பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் ஏன் அப்படியே மூடி வைத்தார்கள் என்று டயர்கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. ஒயர் எல்லாம் ஒரே கறுப்பு.

“ஒரே ரோல்ல முடிச்சுட்டேன்” என்றார் அண்ணன், கொஞ்சம் இறங்கிய குரலில். “நல்ல ஒயர். கிடைச்சதை விட மனசு வரலை.”

நிதானத்துக்கு உள்ளுக்குள் ஒரு குதி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டி, மற்ற மெக்கானிக்குகளுக்கும் அவருக்கு எப்படித் தெரியுமோ அப்படியே தெரிந்திருக்கிறது! ஸ்டூலை இழுத்துப் போட்டார். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டினார்.

“இரு, இரு. அவசரப்படாதே.” இந்த வார்த்தையை நிதானத்திடம் இதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஒரு சார்ட் பேப்பரை எடுத்து வண்டியின் சீட் மேல் விரித்தார். “ஒயர் கறுப்பா இருந்தா என்ன? படம் போட்டு வச்சிருக்கேன். ஒவ்வொரு லைட்டுக்கும் தனிக் கலர். இதைப் பார்த்து வேலை செய்.”

வாத்தியார் படம் என்றால் வாத்தியார் படம்தான். ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், ஓரத்தில் தலைப்பு, தேதி. ஏழு வகைக் கலர் பென்சில். நிதானத்தின் கண்ணுக்கு அதில் நீலமும் மஞ்சளும் தெரிந்தன. மற்றதெல்லாம் ஒரே சேறு.

“படம் வேண்டாம்ணே. நான் லேம்ப் வச்சே பார்த்துக்கறேன்.”

“ராத்திரி பகலா உட்கார்ந்து போட்டிருக்கேன், வேண்டாமாம்! பச்சைக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போடா, நேரா பிரேக் லைட்டுக்கு வந்து சேரும். சின்ன விஷயம்.”

“இல்லண்ணே, இது போதும்.”

அண்ணன் டயர்கடைக்காரர் பக்கம் திரும்பினார். “சின்ன வயசுலயே இப்படித்தான். சொல்லிக்கொடுத்தா ஏறாது. கணக்கு ஏறலை, இப்ப படமும் ஏறலை.” டயர்கடைக்காரர் சிரித்தார்.

நிதானம் சிரிக்கவில்லை. டெஸ்ட் லேம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து, படத்தின் மேல் குனிந்தார். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இதானே பச்சை?”

“அது சிவப்புடா.”

விரல் நகர்ந்தது. “இது?”

“அது பிரவுன். என்ன, விளையாடறியா?”

விரல் அங்கேயே நின்றது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நிறுத்தினார். முப்பத்து நான்கு வருஷம் வகுப்பெடுத்தவர். இலைக்குப் பிரவுன் அடித்துக் கொண்டுவரும் பையன்களை அவர் பார்த்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருவனாவது இருப்பான். சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்தார். விடைத்தாள் திருத்திய காலத்துப் பழக்கம், சிவப்பும் பச்சையும் எப்போதும் கூடவே இருக்கும்.

“இதுல எது சிவப்பு?”

ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்கலாம். சரியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்தக் கணக்கும் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான். ஜன்னலில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றிருந்தது.

“தெரியலைண்ணே” என்றார் நிதானம்.

“எப்பலேர்ந்து?”

“பிறந்ததிலேர்ந்து.”

“அப்ப... அந்த சிக்னல் வேலை...”

“டாக்டர் டெஸ்ட்லதான் போச்சு.”

“கணக்கு?”

“கணக்குல பாஸ்.”

“எவ்வளவு?”

“எண்பத்தாறு.”

அண்ணன் பக்கத்திலிருந்த பழைய பேட்டரிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். “எண்பத்தாறு” என்று ஒரு தடவை சொன்னார். டயர்கடைக்காரர் வேலை இருப்பதாக யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு டயரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

“ஏன்டா சொல்லலை?”

“உள்ள தங்கச்சியைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாங்கல்ல. கண்ணுல குறைன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். எத்தனை கல்யாண வீடு, எத்தனை பந்தல், எத்தனை சிரிப்பு என்று அவர் மனசுக்குள் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தது போல் இருந்தது. கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“மீதி பதினாலு எங்கடா போச்சு?”

நிதானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேகக் கணக்குல ரெண்டு தப்பு. எதிரெதிரா வர்ற ரயில்.”

“அதைத்தானேடா அடிச்சு அடிச்சு சொன்னேன், ரெண்டு வேகத்தையும் கூட்டணும்னு!” என்று அண்ணன் தொடையில் அடித்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி, “உன்னை ரொம்பப் பேசிட்டேன்டா” என்றார். நிதானம் டெஸ்ட் லேம்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். “இந்த ஊசியை நான் சொல்ற இடத்துல வைங்க. பல்பு எரிஞ்சா சொல்லுங்க.”

அதற்கப்புறம் வேலை நடந்தது. ஹெட்லைட்டுக்குப் போகிற ஒயரில் கரண்ட் நன்றாகவே வந்தது, டெஸ்ட் லேம்ப் பளிச்சென்று எரிந்தது. வருகிற கரண்ட் திரும்பிப் போகும் வழிதான் சந்தேகம். பழைய வண்டியில் அந்த வழி வண்டியின் இரும்பு உடம்பேதான், அதைத்தான் எர்த் என்பது. நிதானம் ஒரு தனி ஒயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் பக்கம் மாட்டினார். மறுமுனையை ஹெட்லைட்டின் உள்பக்க இரும்பில் வைத்தார். மின்மினியாக இருந்த லைட், பகல் வெளிச்சத்திலும் கண் கூசும்படி எரிந்தது. எடுத்தார், மங்கியது. வைத்தார், எரிந்தது.

“என்னடா மாயம்?”

“உங்க பெயிண்ட்தாண்ணே.”

“என் பெயிண்டா? அதுக்கு என்ன?”

“ரொம்ப நல்லா அடிச்சிருக்கீங்க. இரும்பும் இரும்பும் தொடுற இடத்துல எல்லாம் அடிச்சிட்டீங்க. கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. பிரேக்கை மிதிச்சதும் அது மீட்டர் பல்பு வழியாப் புகுந்து போகப் பார்க்குது, அதான் அந்தக் குட்டி பல்பு எரியுது. டைனமோ கரண்டை அளவா விடற ரெகுலேட்டரும் பெயிண்ட் மேலதான் உட்கார்ந்திருக்கு. அதுக்கும் எர்த் இல்லை. முறுக்கினா டைனமோ கட்டுப்பாடில்லாமக் கொட்டும். பல்பு தாங்குமா?”

அண்ணனின் முகத்தில் பரீட்சைத் தாளில் தன் தப்பைத் தானே கண்டுபிடித்த பையனின் களை வந்தது. ஆனால் நிதானம் உப்புத்தாளை எடுத்ததும் களை மறைந்துவிட்டது. “சுரண்டப் போறியா? டேய், மூணு கோட் அடிச்சிருக்கேன்டா!”

“நாலே இடம். வெளியில தெரியாது.”

“மெதுவா. மெதுவாடா. ஐயோ, கையை அழுத்தாதே.”

தன் தோலையே சுரண்டுவது போல் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ரெகுலேட்டர் உட்காரும் இடம், பேட்டரி எர்த் ஒயர் மாட்டும் இடம், ஹெட்லைட் கிண்ணம், பின்னால் பிரேக் லைட்டின் திருகு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகத்தளவு இரும்பு வெள்ளையாக வெளியே வந்தது. வாயால் ஊதிப் பொடியைத் துடைத்து, இறுக்கி மாட்டினார். கைப்பிடித் தண்டு திரும்பும் கழுத்தை எர்த்துக்கு நம்ப முடியாது என்று அங்கே தனியாக ஒரு எர்த் ஒயரும் இழுத்தார்.

மிச்சம் இடது பக்கம். கைப்பிடியை இடதும் வலதுமாகத் திருப்பச் சொல்லி, கழுத்துக்குள் போகிற ஒயர்க்கட்டை ஒவ்வொன்றாக விரலில் உருட்டிக்கொண்டே வந்தார். கண்ணை மூடியிருந்தார். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே திருப்பினார். ஒன்பதாவது ஒயரில் விரல் நின்றது. வெளியே கறுப்புத் தோல் முழுசாக இருந்தது. உள்ளே கம்பி ஒரு இடத்தில் இறந்துபோய், சாறு வற்றிய தண்டு மாதிரித் துவண்டது. வெட்டிப் பார்த்தார். செம்பு இழைகளில் இரண்டைத் தவிர எல்லாம் அறுந்திருந்தன. இடது பக்கம் இழுக்கும்போது அந்த இரண்டும் கைவிட்டுவிடும்.

“நீளம் பத்தலைண்ணே. இழுத்துக் கட்டியிருக்கீங்க.”

“ரோல் தீர்ந்துபோச்சுடா” என்றார் அண்ணன்.

சாயங்காலம் வெயில் இறங்கினதும் வண்டியை உசுப்பினார்கள். டயர் கடைச் சுவரில் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. நிதானம் மெல்ல முறுக்கினார். அண்ணன் ஒரு புது பல்பைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் முறுக்கினார். வெளிச்சம் ஒரு அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது. பிரேக்கை மிதித்தார்கள், இடது பக்கம் திருப்பினார்கள். சுவரில் வட்டம் அசையாமல் இருந்தது. டயர்கடைக்காரர் கைதட்டினார். அண்ணன் பல்பைப் பையில் போட்டுக்கொண்டு, “ஏம்மா, எல்லாரும் வெளிய வந்து பாருங்க!” என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அன்று இரவு சாப்பிடும்போது மனைவி, “இருபத்தேழு வருஷம் பொத்திப் பொத்தி வச்சேன். அரை நிமிஷத்துல அவுத்துக் கொட்டிட்டீங்க” என்றார். கோபமா என்று கேட்டதற்கு, “கோபமில்லை. எனக்கு இனிமே வேலை குறைஞ்சு போச்சேன்னு இருக்கு” என்றார்.

வேலை குறையவில்லை, வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை கூடியது. வாத்தியார் வாயில் விழுந்த விஷயம் ஆயிற்றே. முன்பு வீடு வீடாகப் போய்ச் சொன்னவர், இப்போதும் வீடு வீடாகப் போனார். “தம்பிக்குக் கணக்குல எண்பத்தாறு. நான்தான் தப்பாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.” கேட்டவர்கள் எண்பத்தாறை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் வருகிறவன் போகிறவன் எல்லாம் சட்டையைக் காட்டி, “இது என்ன கலர், சொல்லுங்க?” என்று கேட்டான். நான்கு டாக்சி வைத்திருந்த ஒருவர், கலர் தெரியாதவரிடம் ஒயர் வேலை கொடுப்பதா என்று வண்டிகளை வேறு கடைக்கு மாற்றினார். அது நிதானத்துக்கு வலித்தது. அவர் பயந்ததும் இதற்குத்தானே. இரண்டு மாதத்தில் மூன்று டாக்சி திரும்பி வந்தது. நான்காவது வரவில்லை. அதை அவர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

தங்கை போன் செய்தார். எடுத்ததும் அழுகை. “என்னாலயா உன் வேலை போச்சு?”

“என் கண்ணால போச்சு. நீ நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன். பேசாதே நீ” என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் கரும்பச்சை வண்டி ஷெட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ரிப்பேர் எதுவும் இருக்காது. அண்ணன் இறங்கி, பேட்டரிப் பெட்டியில் உட்கார்ந்து, தம்பி எந்த ஒயரைத் தொட்டாலும் கேட்காமலே கலரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

“சிவப்பு.”

“தெரியும்ணே, லேம்ப் வச்சுப் பார்த்துட்டேன்.”

“சரி. அது பச்சை.”

“சரிண்ணே.”

“அது... இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.”

நிதானம் கையிலிருக்கும் ஒயரை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.